டியூனர் போட்ட 2005 டியூராமேக்ஸ்: லோடோடு ஏற்றத்தில் மட்டும் பி0087

ஆட்டுப்பட்டி (சீலி, டெக்சஸ்)

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2005 செவ்ரோலெட் சில்வராடோ 2500 எச்டி. 6.6 லிட்டர் டியூராமேக்ஸ், எல்எல்ஒய் எஞ்சின், அலிசன் கியர்பாக்ஸ். சீலி பக்கம் கொஞ்சம் நிலம் எடுத்து ஆடு வளர்க்கிறேன். சான் ஆஞ்சலோ சந்தையில் குட்டி பிடித்து ட்ரெய்லரில் ஏற்றி வருவதற்காகத்தான் இந்த வண்டியைப் பழையதாக வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் ஒரு கைடியூனரையும் கூடவே கொடுத்தார். ஓபிடி சாக்கெட்டில் (ஸ்கேனர் செருகும் இடம்) செருகி, எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் டியூனை, அதாவது பவரைக் கூட்டும் செட்டிங்கை, ஏற்றும் வகை. லெவல் 1, 2, 3 என்று மூன்று இருக்கிறது.

காலி வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஈடன், மெனார்ட் வழியாக ஜங்ஷன் ஊருக்கு வந்து ஐ-10 நெடுஞ்சாலை பிடித்ததும் கெர்வில் வரை ஏற்றம் இறக்கமாக இருக்கும் இல்லையா, அங்கேதான் தகராறு. ஆடு ஏற்றிய ட்ரெய்லரோடு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் சில விநாடி நன்றாக இழுக்கிறது, அப்புறம் கழுத்தைப் பிடித்தது போல் நின்றுவிடுகிறது. செக் எஞ்சின் லைட், பி0087, அதாவது ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாயில் இருக்கும் அழுத்தம்) குறைவு. ஓரம் கட்டி அணைத்துப் போட்டால் மறுபடி ஓடுகிறது. லெவல் 3-இல் அடிக்கடி, லெவல் 1-இல் எப்போதாவது. ஒரிஜினலுக்குத் திருப்பிவிட்டு ஓட்டிய போதும் ஒரு தடவை வந்துவிட்டது. அதுதான் புரியவில்லை.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஹை பிரஷர் பம்பு போய்விட்டது என்று பெரிய தொகைக்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். மாற்றிவிடலாமா?

கரும்புகை

பம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு பெரிய பம்பு போடுங்கள் பிரதர். அப்படியே ஈஜிஆரையும் (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பிவிடும் சாமான்) கழற்றி எறிந்துவிட்டு அதற்கேற்ற டியூன் ஏற்றிவிட்டால் எஞ்சின் சும்மா பறக்கும். டெக்சஸில் டீசலுக்குப் புகை டெஸ்டே கிடையாது, யார் கேட்கப் போகிறார்கள்.

பழைய ஸ்பேனர் (ஒடெஸ்ஸா, டெக்சஸ்)

தம்பி, பம்பில் கை வைக்காதீர்கள். இன்னும் யாரும் எதையும் அளந்து பார்க்கவே இல்லை. அளக்காமல் எழுதிய எஸ்டிமேட் அது.

ஊரில் டீசல் பம்பு கடையில் தொழில் பழகி, இங்கே எண்ணெய் வயல் வண்டிகளில் கை கறுத்தவன் நான். பி0087 வந்த வண்டியில் பம்பு உண்மையிலேயே போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அது வரிசையில் கடைசி ஆள். சிபி3 பம்பு, அதாவது உங்கள் ஹை பிரஷர் பம்பு, கெட்டியான சாமான்.

உங்கள் எஞ்சினில் டாங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிட லிஃப்ட் பம்பு கிடையாது. சிபி3-தான் உறிஞ்சி எடுக்க வேண்டும். டாங்க், சேசிஸ் நீளத்துக்கு ஓடும் பைப், நடுநடுவே ரப்பர் ஹோஸ், ஃபில்டர், இதையெல்லாம் தாண்டித்தான் பம்புக்கு டீசல் வருகிறது. அந்த வழியில் எங்கே அடைப்பு இருந்தாலும் காலி வண்டியில் தெரியாது, தேவையும் குறைவுதானே. லோடு ஏற்றி மேட்டில் மிதித்தால் மட்டும் பம்புக்குப் பற்றாக்குறை வரும். ரெயிலில் 23,000 பிஎஸ்ஐ அளவுக்கு வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்கும், பம்பால் கொடுக்க முடியாது, உடனே பி0087. டியூனர் செய்வதெல்லாம் இன்னும் கொஞ்சம் டீசல் கேட்பதுதான். அதனால் லெவல் 3-இல் சீக்கிரம் வருகிறது, ஒரிஜினலில் அபூர்வமாக வருகிறது. ஒரிஜினலில் ஒரு தடவையாவது வந்தது என்றீர்களே, நீங்கள் எழுதியதிலேயே எனக்கு உபயோகமான வரி அதுதான். குறை வண்டியில் இருக்கிறது, டியூனர் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

முதல் வேலை: ஒரிஜினலுக்குத் திருப்பி வைத்துக்கொண்டே சோதியுங்கள். ஒரு நல்ல ஸ்கேனரில் கேட்கும் ரெயில் பிரஷர், கிடைக்கும் ரெயில் பிரஷர் இரண்டையும் ஒன்றாகப் பதிவு செய்து அந்த ஏற்றத்தில் ஒரு தடவை ஓட்டுங்கள்.

இரண்டாவது, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு டீ (T) ஜாயின்ட் போட்டு வாக்குவம் கேஜ் மாட்டுங்கள். நீள ஹோஸ் விட்டு, கேஜை கண்ணாடிக்கு வெளியே வைப்பர் பக்கம் டேப் போட்டு ஒட்டிக்கொண்டால் ஓட்டும்போதே பார்க்கலாம். டீசல் ஹோஸை உள்ளே கொண்டுவர வேண்டாம். முழு மிதியில் 5 அங்குல பாதரசத்துக்கு மேல் போனால் உறிஞ்சும் பாதையில் அடைப்பு. முதலில் புது ஃபில்டர். அப்புறமும் குறையாவிட்டால் ஹோஸ், டாங்க் பக்கம்.

இதில் ஒரு சூட்சுமம். கேஜ் அழகாகக் குறைவாகக் காட்டுகிறதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஹோஸ் வெடித்தோ ஓரிங் தேய்ந்தோ காற்று இழுத்தாலும் வாக்குவம் குறைவாகத்தான் காட்டும். அதனால் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒரு துண்டு நடுவில் போட்டுக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஃபில்டர் தலையில் கையால் அமுக்கும் பிரைமர் இருக்கிறது இல்லையா, ராத்திரி கல் மாதிரி அமுக்கி வைத்தது காலையில் தொளதொள என்று இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. ஊரில் ஏர் லாக் என்று சொல்வோமே, அதே நோய்தான்.

இது இரண்டும் சரி என்றால்தான் ரெயிலில் இருக்கும் ரிலீஃப் வால்வு, பிரஷர் மிஞ்சினால் திறந்துவிடுவது. அதன் ரிட்டர்ன் பக்கத்தைக் கழற்றிப் பார்த்தால் எஞ்சின் ஓடும்போது ஒரு சொட்டும் வரக் கூடாது. அப்புறம் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவு. ஸ்கேனரில் பேலன்ஸ் ரேட் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பார்க்கில் நாலுக்குள், டிரைவில் ஆறுக்குள் இருக்கிறது, அதனால் இன்ஜெக்டர் நல்லது என்று சிலர் சொல்வார்கள். அது சிலிண்டருக்குள் போகும் டீசலைப் பற்றிய கணக்கு. ரிட்டர்னில் ஒழுகி வீணாவதை அது காட்டாது, தனியாகத்தான் பிடித்து அளக்க வேண்டும். இத்தனையும் தாண்டினால் சிபி3-ஐச் சந்தேகப்படுங்கள்.

ஒன்று கண்டிப்பாக: எஞ்சின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பின் நட்டைத் தளர்த்துவதோ, ஒழுகுகிறதா என்று கையால் தடவுவதோ கூடாது. பழைய லாரி எஞ்சினில் பைப்பைத் தளர்த்தி மிஸ்ஸிங் கண்டுபிடிப்போம், அந்தப் பழக்கம் இங்கே ஆகாது. அந்த பிரஷரில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தினது மாதிரிதான் தெரியும், ஆனால் உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரலாம்.

கரும்புகை தம்பிக்கு: டெக்சஸில் டெஸ்ட் இல்லை என்பது சரி. ஈஜிஆரைக் கழற்றுவது மத்திய அரசின் கிளீன் ஏர் ஆக்ட்படி குற்றம், அது எந்த மாநிலத்துக்கும் பொருந்தும். ஐந்தரை லட்சத்துக்கு மேல் டீசல் பிக்கப்களில் இந்தச் சாமான்களைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான ஈபிஏ 2020-இல் கணக்குச் சொன்னது, அதற்கு முன்பிருந்தே கிட் விற்றவர்கள், மாட்டிக் கொடுத்தவர்கள் மேல் அபராதம் போட்டுக்கொண்டிருந்தது. அதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், டீசல் வந்து சேராத எஞ்சினுக்கு ஈஜிஆரைக் கழற்றினால் என்ன ஆகும்? பெரிய பம்பு போட்டால் அதே அடைத்த பைப்பில் இன்னும் பலமாக உறிஞ்சும், அவ்வளவுதான்.

ஆட்டுப்பட்டி

அண்ணா, ரொம்ப நன்றி. புது ஃபில்டர் போட்டு கேஜும் மாட்டியாகிவிட்டது. முழு மிதியில் 8-ஐத் தாண்டுகிறது. அடைப்பு இருக்கிறது என்று தெரிகிறது.

ஆனால் ஸ்கேனர் விஷயம் குழப்புகிறது. ஒரிஜினலில் ஓட்டும்போதும் ரெயில் பிரஷர் கேட்டதும் கிடைத்ததும் கிட்டத்தட்ட ஒன்றாகவே போகின்றன, திடீரென்று கீழே விழுகிறது. ஒரிஜினல் என்று டியூனர் சொன்னாலும் வண்டி இழுப்பது ஒரிஜினல் மாதிரி இல்லை, காலி வண்டியிலேயே லேசாகக் கரும்புகை வருகிறது. டியூனர் பொய் சொல்லுமா?

பழைய ஸ்பேனர்

ரெயில் பிரஷர் சென்சாரின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். கனெக்டருக்கு நடுவில் வேறு ஏதாவது செருகியிருக்கிறதா? ஃபியூஸ் பெட்டி, பேட்டரி பக்கமெல்லாம் தேடுங்கள். டார்ச் வேண்டும்.

கல்கரி தம்பி

ஆட்டுப்பட்டி அண்ணை, ஸ்பேனர் அண்ணை சொன்னதை வடிவாகச் செய்யுங்கோ. என்னுடையது 2006 கம்மின்ஸ் 5.9, ராம். எல்எல்ஒய் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது, டியூனை ஏற்றி இறக்குவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒவ்வொரு முறை டியூன் மாற்றும்போதும் இரண்டு பேட்டரியும் முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது வோல்டேஜ் விழுந்தால் கம்ப்யூட்டர் அரைகுறையாக நின்றுவிடும், பிறகு வண்டியை டோ டிரக்கில்தான் கொண்டு போக வேண்டும். இங்கே பனிக் காலத்தில் பேட்டரி நன்றாக இறங்கிவிடும், அதனால் கராஜுக்குள் விட்டுத்தான் செய்வோம். வெளியே வாங்கிப் போட்ட ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அவற்றின் ஃபியூஸையும் கழற்றிவிடுங்கோ. உங்களுடையது போன்ற ஜிஎம் வண்டிகளில் ஆன்ஸ்டார் (வண்டியோடு வரும் அவசர உதவித் தொடர்பு), ரேடியோ ஃபியூஸ்களைக் கழற்றச் சொல்லி டியூனர் புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள், அந்த லைனில் வேறு பேச்சு ஓடினால் டியூன் பாதியில் நின்றுவிடும்.

மற்றது, டியூனர் ஏறிய நிலையில் டீலரிடம் விட்டு அவர்கள் கம்ப்யூட்டரைப் புதுப்பித்துவிட்டால், டியூனருக்குள் சேமித்து வைத்த ஒரிஜினலும் வண்டியில் இருப்பதும் ஒத்துப்போகாது. விடுவதற்கு முன்பு ஒரிஜினலுக்குத் திருப்புங்கோ. கைடியூனர் ஒரு வண்டியின் வின் நம்பரோடு (வண்டியின் அடையாள எண்) பூட்டிக்கொள்ளும். உங்களிடம் இருப்பது இந்த வண்டியோடுதான் பூட்டியிருக்கிறதா என்று அதன் மெனுவில் பார்த்துக்கொள்ளுங்கோ.

ஆட்டுப்பட்டி

ஸ்பேனர் அண்ணா! சென்சார் ஒயரில் ஒரு கறுப்புப் பெட்டி. பேட்டரிக்குக் கீழே கேபிள் டை போட்டுக் கட்டியிருக்கிறது, பெயர், ஸ்டிக்கர் எதுவும் இல்லை. விற்றவருக்கு போன் போட்டால் அது தனக்கும் முந்தைய ஓனர் மாட்டியதாக இருக்கும் என்கிறார். டியூனர் வேறு, இது வேறா?

பழைய ஸ்பேனர்

வேறுதான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இது பிரஷர் பாக்ஸ். சென்சார் சொல்லும் பிரஷரைக் குறைத்து கம்ப்யூட்டரிடம் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி பிரஷரை ஏற்றும். உங்கள் ஸ்கேனர் படிப்பதும் பெட்டி சொன்ன பொய்க் கணக்கைத்தான், அதனால்தான் இரண்டு கோடும் ஒட்டி ஓடின. ரெயிலில் நிஜமாக எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. கைடியூனர் பொய் சொல்லவில்லை, பாவம், அதற்கு இந்தப் பெட்டி இருப்பதே தெரியாது.

கழற்றிவிட்டு சென்சாரை நேராக ஒரிஜினல் கனெக்டரில் மாட்டுங்கள். பின் வளைந்திருக்கிறதா, பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். இந்தப் பெட்டியோடு நெடுநாள் ஓடிய வண்டியில் ரிலீஃப் வால்வு பலவீனமாகியிருக்க வாய்ப்பு அதிகம், அந்தச் சோதனையைத் தவற விடாதீர்கள். அப்படியே எஞ்சின் மேலே 2, 7-ஆம் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் பாருங்கள், எல்எல்ஒய்-இல் அங்கே ஒயர் உராய்ந்து தகராறு கொடுக்கும்.

8 அங்குலத்துக்கு: ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, ஃபில்டருக்கு வரும் ஹோஸை டாங்க்கிலிருந்து எடுத்துக் கேனில் போட்டு, வண்டியை நிறுத்தி வைத்தபடியே ரேஸ் கொடுத்துப் பாருங்கள். கேஜ் சட்டென்று இறங்கினால் அடைப்பு டாங்க் பக்கம்.

ஆட்டுப்பட்டி

கேன் வைத்ததும் இறங்கிவிட்டது. சேசிஸ் ஓரத்து ரப்பர் ஹோஸை வெட்டிப் பார்த்தால் உள்பக்கத் தோல் உரிந்து மடிந்து கிடக்கிறது. வெளியே பார்த்தால் புதுசு போல இருந்தது. அந்த ஹோஸ்கள் எல்லாவற்றையும் டீசலுக்கான நல்ல ஹோஸாக மாற்றிவிட்டேன், பிரைமரை அமுக்கி ஏர் எடுத்தாயிற்று. இப்போது முழு மிதியில் 3 காட்டுகிறது. ரிலீஃப் வால்வில் சொட்டு வந்தது, புதிது போட்டாயிற்று. பெட்டியும் இல்லை. ஒரிஜினல் டியூனில் லோடோடு கெர்வில் ஏற்றம் ஏறி வந்தேன், பி0087 வரவில்லை. ஸ்கேனரிலும் இரண்டு பிரஷரும் சேர்ந்தே போகின்றன.

இனி லெவல் 3 போடலாமா அண்ணா?

பழைய ஸ்பேனர்

ட்ரெய்லர் கட்டினால் வேண்டாம். லெவல் 1-ஓடு நிறுத்துங்கள், அதுவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பைரோமீட்டர் (எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் கேஜ்) மாட்டின பிறகு. லோடோடு நீள ஏற்றத்தில் 1,250 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் நின்றால் காலை எடுத்து ஒரு கியர் குறைத்துவிடுங்கள். அலுமினியம் பிஸ்டன், அதற்கு மேல் பொறுக்காது. எல்எல்ஒய் லோடில் சூடாகும் என்று பெயரெடுத்த எஞ்சின் வேறு, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் தூசியை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கழுவுங்கள். ஆட்டு முடியும் வைக்கோலும் அங்கே எவ்வளவு ஒட்டியிருக்கும் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

அலிசன் நல்ல கியர்பாக்ஸ்தான், ஆனால் ஒரிஜினல் கிளட்ச்சோடு லெவல் 3-இல் லோடு இழுத்தால் வழுக்க ஆரம்பிக்கும், வழுக்கினால் தன்னைக் காத்துக்கொள்ள லிம்ப் மோடுக்குப் போய் ஒரே கியரில் நிற்கும். காலி வண்டியில் விளையாட ஆசையென்றால் ஒரு லிஃப்ட் பம்பு போட்டுவிட்டு விளையாடுங்கள்.

அந்தக் கறுப்புப் பெட்டியை யாருக்கும் விற்றுவிடாதீர்கள். பெட்டி எங்கே இருக்கிறது இப்போது?

ஆட்டுப்பட்டி

ஷெட்டில் சுத்தியலுக்குப் பக்கத்தில். சனிக்கிழமை பைரோமீட்டர் வேலை. துளை போடும்போது இரும்புத் தூள் டர்போவுக்குள் போகாமல் என்ன செய்வது அண்ணா?

பழைய ஸ்பேனர்

டிரில் முனையிலும் மரை போடும் டேப்பிலும் கிரீஸ் தடவுங்கள், தூள் அதில் ஒட்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அடிக்கடி துடையுங்கள். கடைசிக் கொஞ்சம் தூரத்துக்கு எஞ்சினை ஐடிலில் ஓட விட்டால் எக்ஸாஸ்டே தூளை வெளியே ஊதிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு கிளவுஸ், மேனிஃபோல்டு சூடாகும் முன்னால் முடித்துவிடுங்கள்.