குட்டைத் தண்ணீர் கரும்பச்சையாகிவிட்டது, விடியற்காலையில் மீன்கள் வாய் பிளக்கின்றன

மன்னார்குடி பக்கம் 20 சென்ட் பண்ணைக்குட்டை, ஐந்தடி ஆழம். ஆவணியில் கட்லா, ரோகு, மிர்கால் சேர்த்து 400 குஞ்சுகள் விட்டேன். பத்து நாளாகத் தண்ணீர் கரும்பச்சை. கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரிவதில்லை. நாலரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் மேலெல்லாம் வாய்கள். வெயில் ஏறியதும் சரியாகிவிடுகின்றன. நேற்று மூன்று கட்லா மிதந்தன. மதியம் பி.எச். 9.

சாணம் போடுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. தவிட்டையும் பாதியாக்கினேன். இரவில் மோட்டார் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சுகிறேன், கரண்ட் இருக்கும்வரை. கால்வாசித் தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன். இரண்டே நாளில் பழைய நிறம்.

பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்கிறார்கள். அது வேண்டாம். உபரி நீர் வாய்க்காலுக்குப் போகிறது, அங்கே விரால், குரவை மீன்கள் இன்னும் இருக்கின்றன. ஆப்பிரிக்கக் கெளுத்தி விடச் சொன்னவரும் உண்டு! தடை செய்த மீன், ஒரு மழையில் ஆற்றுக்குப் போய்விடும்.

மருந்தில்லாமல் பாசியைக் குறைக்க இப்போது வெள்ளிக் கெண்டை (சில்வர் கார்ப்) விடலாமா, விட்டால் இந்தக் குட்டைக்கு எத்தனை?