சட்டையிலும் செக், பேங்கிலும் செக்: எல்லாம் ஒரே சொல்தானா?

ஜவுளிக்கடைக்காரன்:
ஈரோட்டில் சின்ன ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஒருத்தர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பி வந்த கடுப்பில் இருந்தேன். கடை அடைக்கிற நேரம், பையனிடம், "அந்த செக் சட்டைத் துணியை உள்ளே வை, காலையில் ஸ்டாக் செக் பண்ணணும்" என்றேன். கல்லாப் பக்கத்தில் செஸ் ஆடிக்கொண்டிருந்த மகள், "நானும் இங்கே செக்தான் வெச்சிருக்கேன். மொத்தம் எத்தனை செக்குப்பா?" என்றாள். முழித்தேன். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

பழைய காசாளர்:
பாப்பா கையில் இருந்ததுதான் மூத்தது. பாரசீகத்தில் ‘ஷா’ என்றால் அரசன். எதிராளியின் ராஜாவைக் குறிவைத்துவிட்டால் ‘ஷா’ என்று குரல் கொடுப்பார்கள். அது அரபி, லத்தீன், பழைய பிரெஞ்சு என்று சுற்றிக்கொண்டு ஆங்கிலத்துக்கு வரும்போது ‘செக்’ ஆகிவிட்டது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததுதான் ‘செஸ்’. அதாவது ஆட்டத்தின் பெயரே ‘செக்குகள்’!

செக் வாங்கிய ராஜா இஷ்டத்துக்கு இருக்க முடியாது அல்லவா? அதனால் ‘தடுத்து நிறுத்து’ என்று ஒரு பொருள் வந்தது. அப்புறம் நிறுத்திப் பார்ப்பது, சரிபார்ப்பது. நம் செக்போஸ்டில் இரண்டும் நடக்கிறது.

பேங்க் செக்கில்தான் வேடிக்கை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்பது நாம் கிழித்துக் கொடுக்கும் தாள் இல்லை, புத்தகத்தில் தங்கும் அடிக்கட்டை. கள்ளத்தாள் வந்தால் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். போகப்போகப் பெயர் தாளுக்குத் தாவிவிட்டது. 31 வருஷம் அடிக்கட்டை பார்த்தவன், இது எனக்கே ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியும்.

(திரும்பிய செக்குக்கு, பேங்கிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். அவர் வாயால் சொல்லும் தவணையை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.)

மாடிவீட்டு வாசகி:
கட்டம் போட்ட துணியும் செஸ் பலகையிலிருந்து வந்ததுதான். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசாங்க வரிக்கணக்கை 10 அடிக்கு 5 அடி மேசையில் பார்த்தார்கள். மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னி, ஷில்லிங், பவுண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. அதில் காய்களை நகர்த்திக் கூட்டுவார்கள். ரோமன் எண்ணில் எழுதிக் கூட்டிப் பாருங்கள், ஏன் என்று புரியும்! மேசை செஸ் பலகை மாதிரி இருந்ததால் கருவூலத்துக்கே ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது. பிரிட்டன் நிதியமைச்சருக்கு இன்றைக்கும் ‘சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்’ என்றுதான் பட்டம்.

வெட்டிப்பேச்சு:
எங்கள் ஊர் மரச்செக்கை விட்டுவிட்டீர்களே?

பழைய காசாளர்:
அது சுத்தத் தமிழ்ச் செக்கு, தம்பி. ஷாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செக் குடியரசும் வேறு.

ஜவுளிக்கடைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நோட்டீஸுக்கு வக்கீலிடம் சொல்லிவிட்டேன். மகளுக்குப் படித்துக் காட்டினேன். "அப்போ அந்த அங்கிள் உனக்கு வெச்சதும் செக்தான்" என்கிறாள்.