சிஸ்லாக் கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லை: நெட்வொர்க்மேனேஜரின் ஓயாத டீபக் வரிகள்

கேள்வி:
வணக்கம். உபுண்டு 22.04 நிறுவிய என் மடிக்கணினியில், கணினியின் பதிவுகள் சேரும் சிஸ்லாக் கோப்பு ஆறே நாளில் 3 ஜிபியைத் தாண்டிவிட்டது. திறந்து பார்த்தால் பெரும்பாலானவை, இணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் சேவையின் டீபக் வரிகள் (பிழை தேட உதவும் மிக விரிவான பதிவுகள்). ஒவ்வொரு ஸ்கேனிலும் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை ரூட்டர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விழுகிறது. அந்தச் சேவையைக் கட்டுப்படுத்தும் என்எம்சிஎல்ஐ கட்டளையால் பதிவு நிலையை இன்ஃபோவுக்கு (டீபக் விவரங்கள் இல்லாத நிலை) இறக்கியதும் அடங்கியது; மறுநாள் கணினியை இயக்கியபோது பழையபடி தொடங்கிவிட்டது. பொறுமையிழந்து சற்றுமுன் கோப்பையே அழித்தேன். அப்போதும் வட்டின் இடத்தைக் கணக்கிடும் டிஎஃப் கட்டளை, காலி இடம் கூடியதாகக் காட்டவில்லை.

மறுமொழி 1:
நீங்கள் அழித்த கோப்பை, அதில் பதிவுகளை எழுதும் ஆர்சிஸ்லாக் சேவை இன்னும் திறந்தே வைத்திருக்கிறது. அது விடும்வரை கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்த இடத்தை விடுவிக்காது. ஆர்சிஸ்லாக் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். இனி அழிக்காமல் ட்ரங்கேட் கட்டளையால் அளவைப் பூஜ்ஜியமாக்குவது நல்லது.

என்எம்சிஎல்ஐ வழியாகச் செய்த மாற்றம் நெட்வொர்க்மேனேஜர் சேவை ஓடும்வரைதான் நிற்கும். மீண்டும் தொடங்கும்போது அமைப்புக் கோப்பில் உள்ளதே செல்லும். நெட்வொர்க்மேனேஜரை பிரின்ட்-கான்ஃபிக் விருப்பத்துடன் ரூட் (நிர்வாகி) பயனராக இயக்கினால், எந்தெந்தக் கோப்புகள் படிக்கப்படுகின்றன என்பதும் அவை சேர்ந்து தரும் அமைப்பும் தெரியும். அதில் லாக்கிங் என்ற பகுதியைப் பாருங்கள்.

மறுமொழி 2:
இவ்வளவு தேட வேண்டுமா? சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் நெட்வொர்க்மேனேஜர் சேவைக்கு, பதிவின் உச்ச நிலையை வரையறுக்கும் லாக்லெவல்மேக்ஸ் மதிப்பை இன்ஃபோ என்று கொடுத்துவிட்டால் போதுமே.

மறுமொழி 1 எழுதியவர்:
நெட்வொர்க்மேனேஜர் தன் வரிகளுக்கு முன்னுரிமை எண்ணையும் சேர்த்தே அனுப்புவதால் (இன்ஃபோவுக்கு 6, டீபக்குக்கு 7) இங்கே அது பலிக்கும். ஆனால் சேவை வரிகளை உருவாக்கிக்கொண்டேதான் இருக்கும். சேவைகளின் பதிவுகளைச் சேகரிக்கும் ஜர்னல்டி அவற்றை வாங்கி வாங்கிக் கீழே போடும். ஒழுகும் குழாயின் அடியில் வாளி வைப்பதை நான் தீர்வு என்று சொல்ல மாட்டேன். மேலும், நாமே எழுதும் பைத்தான் சேவைகளுக்கு இந்த வழியை நம்ப முடியாது. வெறும் பிரின்ட் கட்டளையால் வெளிவரும் வரியில் எண் இல்லாவிட்டால், அதில் டீபக் என்றே எழுதியிருந்தாலும் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி அதை இன்ஃபோவாகவே கொள்ளும்.

இன்னொன்று: ஜர்னல்டி சேமிக்கும் ஜர்னலுக்கு இயல்பாகவே 4 ஜிபி உச்சவரம்பு உண்டு. சிஸ்லாக் கோப்புக்கு அப்படி இல்லை. உங்கள் பதிப்பில் பழைய பதிவை ஒதுக்கிவிட்டுப் புதுக் கோப்பைத் தொடங்கும் லாக்ரொட்டேட் அதை வாரம் ஒருமுறைதான் சுழற்றுகிறது, இடையில் எவ்வளவு வீங்கினாலும் கண்டுகொள்ளாது.

கேள்வி கேட்டவர்:
அகப்பட்டது. நெட்வொர்க்மேனேஜரின் அமைப்புக் கோப்புகள் உள்ள கான்ஃப்.டி அடைவில் நிலை டீபக் என்று ஒரு கோப்பு இருந்தது. வைஃபை அடிக்கடி அறுந்தபோது காரணம் தேட நானே வைத்து, மறந்துபோனது. அதை நீக்கி இரு சேவைகளையும் மறுதொடக்கம் செய்ததும் 3 ஜிபி திரும்பக் கிடைத்தது. நன்றி.