லினக்ஸ் கணினிக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு? எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் நடந்த பேச்சு

15 நவம்பர் 2025, சனிக்கிழமை

*நான், காலை 9.10*
மாமா, வணக்கம். என் கணினியில் இருக்கும் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற அப்பா சம்மதித்துவிட்டார். 45,000 ரூபாய் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறார். நான் விண்டோஸுக்குத் திரும்பப் போவதில்லை, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்திலேயேதான் விளையாடுவேன். சைபர்பங்க் 2077, எல்டன் ரிங், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆகிய மூன்று விளையாட்டுகளும் எனக்கு முக்கியம். யூடியூபில் பார்க்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் விண்டோஸில் எடுத்தவை என்பதால் அவற்றை நம்பி வாங்கத் தயக்கமாக இருக்கிறது.

*மாமா, காலை 9.32*
வாங்குவதற்கு முன்பே கேட்டாயே, அதுவே நல்லது மருமகனே. மதர்போர்டு, செயலி, பவர் சப்ளை, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எண், மானிட்டர் ஆகிய விவரங்களை அனுப்பு. கார்டின் பேச்சை அதற்குப் பிறகு எடுப்போம்.

*நான், காலை 9.41*
பி450 மதர்போர்டு, ரைசன் 5 3600, 16 ஜிபி ராம், 550 வாட் பவர் சப்ளை. மின்ட் 22, கெர்னல் 6.8. மானிட்டர் 1080பி, 144 ஹெர்ட்ஸ். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்திருக்கிறேன்.

*மாமா, காலை 10.05*
உன் பழைய கார்டை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது 2016இல் வந்த பாஸ்கல் தலைமுறை. அந்தத் தலைமுறைக்கு 580 வரிசை டிரைவரே (கார்டை இயக்கும் மென்பொருள்) கடைசி என்று என்விடியா அறிவித்துவிட்டது. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் 12 கிராஃபிக்ஸ் முறையில் எழுதிய விளையாட்டுகளை, அவற்றை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் மென்பொருள் வழியாக இயக்கும்போது பாஸ்கல் கார்டுகள் திணறுவதையும் நீயே சைபர்பங்கில் பார்த்திருப்பாய்.

என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, அதிலும் 16 ஜிபி உள்ளது மட்டும். லினக்ஸில் ஏஎம்டி கார்டின் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் வல்கன் என்ற கிராஃபிக்ஸ் முறைக்கான ஆர்ஏடிவி டிரைவர், மெசா என்ற திறந்த மூலத் தொகுப்போடு வந்துவிடுகிறது. தன் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் ஏஎம்டி சிப் இருப்பதால் வால்வ் நிறுவனமே பணம் செலவழித்து அந்த டிரைவரைச் செதுக்கி வருகிறது. 2019இல் அவர்கள் வெளியிட்ட ஏசிஓ என்ற ஷேடர் கம்பைலர் (காட்சி வரையும் நிரல்களை கார்டுக்கு ஏற்ப மாற்றும் மென்பொருள்) அடுத்த ஆண்டே ஆர்ஏடிவியில் இயல்பானதாக ஆகிவிட்டது. விளையாட்டு தொடங்கிய முதல் சில நிமிடங்களில் வரும் திக்கலைக் குறைத்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. நீ டிரைவர் என்று தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

*அக்கா, காலை 10.20*
மாமா, நான் அலுவலகத்தில் உபுண்டுவில் என்விடியா கார்டுதான் பயன்படுத்துகிறேன், பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் வேலை அருமையாக நடக்கிறது. வேகத்தைக் கூட்டும் அவர்களுடைய டிஎல்எஸ்எஸ் நுட்பம் லினக்ஸிலும் இயங்குகிறது. ஒளியை இயல்பாகக் காட்டும் ரே டிரேசிங்கிலும் அவர்கள் கை ஓங்கியிருக்கிறது. லினக்ஸில் என்விடியா ஆகாது என்பது பழங்காலப் பேச்சு அல்லவா?

*மாமா, காலை 10.48*
நீ சொல்வது பெரும்பாலும் சரி அம்மா, அதை நான் மறுக்கவில்லை. 2022 மே மாதத்தில் அவர்கள் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். 2024இல் 555 வரிசை டிரைவர் வந்த பிறகு, லினக்ஸின் புதிய திரை முறையான வேலண்டில் இருந்த மினுமினுப்பும் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. தம்பி பிளெண்டரில் வேலை செய்பவனாக இருந்தால் நானே என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அவனுக்கு வேண்டியது விளையாட்டு. அதிலும் டைரக்ட்எக்ஸ் 12 விளையாட்டுகளை வல்கனுக்கு மொழிபெயர்த்து ஓட்டும்போது, விண்டோஸில் கிடைக்கும் வேகத்தில் என்விடியா கார்டுகள் கணிசமாக இழக்கின்றன, ஏஎம்டி கார்டுகள் அந்த அளவுக்கு இழப்பதில்லை. விண்டோஸ் ஒப்பீட்டில் சமமாகத் தெரியும் இரண்டு கார்டுகள் அவன் மேசையில் சமமாக இருக்காது என்பதற்கு இதுவே காரணம்.

விலையையும் பார். அறிமுகத்தின்போது 9060 எக்ஸ்டி 16 ஜிபி 349 டாலர், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி 429 டாலர். இங்கே வரும்போது அந்த இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும்.

*நான், காலை 11.02*
8 ஜிபி கார்டு விலை குறைவு மாமா. 1080பி மானிட்டருக்கு அது போதாதா? இன்டெலின் பி580 கார்டும் 12 ஜிபியோடு மலிவாக இருக்கிறதே?

*மாமா, காலை 11.40*
இந்த இடத்தில்தான் உன் மதர்போர்டு பேசுகிறது. பி450இல் கார்டைச் செருகும் ஸ்லாட் பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறை. கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் மீதி டெக்ஸ்சர்கள் (விளையாட்டின் மேற்பரப்புப் படங்கள்) உன் ராமில் போய் உட்காரும், ஒவ்வொரு முறையும் அந்த ஸ்லாட் வழியாகத்தான் வந்து போக வேண்டும். 9060 எக்ஸ்டியின் சொந்த நினைவகம் நொடிக்கு 320 ஜிபி வேகத்தில் பேசுகிறது; உன் ஸ்லாட் 16 பாதைகளையும் பயன்படுத்தினால்கூட ஏறக்குறைய 16 ஜிபிதான். 5060 டிஐ போன்ற கார்டுகளில் 8 பாதைகள் மட்டுமே இருப்பதால், புதிய மதர்போர்டில் குறையாகத் தெரியாத அது, உன் ஸ்லாட்டில் நொடிக்கு 8 ஜிபியாகச் சுருங்கிவிடும். சராசரி எண்ணில் பெரிய வித்தியாசம் தெரியாமல், திருப்பத்தில் திரை ஒரு கணம் நின்று நின்று போகும் வேதனை அங்கிருந்துதான் வருகிறது. 9060 எக்ஸ்டியில் 16 பாதைகளும் இருக்கின்றன, நினைவகமும் நிரம்பாது. ஆகையால் 8 ஜிபி கார்டை யாராவது இலவசமாகக் கொடுத்தாலன்றி வாங்காதே.

பி580 நல்ல கார்டு, ஆனால் உன்னுடையதைப் போன்ற பழைய செயலிகளோடு சேரும்போது வேகம் விழுகிறது. அதை விட்டுவிடு.

*அப்பா, பகல் 12.15*
மாப்பிள்ளை, யுபிஎஸ் தாங்குமா? கரண்ட் பில் ஏறுமா? ஹாலில் இருக்கும் 4கே டிவியிலும் இணைத்து விளையாட வேண்டும் என்கிறான், அது முடியுமா?

*மாமா, பகல் 12.50*
பழைய கார்டு 120 வாட், புதியது 160 வாட், அத்தான். 40 வாட் கூடுதல். நாளுக்கு மூன்று மணி நேரம் விளையாடினாலும் இரண்டு மாதக் கணக்கில் ஏறக்குறைய 7 யூனிட்தான். 550 வாட் பவர் சப்ளை தாராளமாகப் போதும், ஆனால் 8 முனை இணைப்பு ஒன்று வேண்டும், அது இருக்கிறதா என்று அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். யுபிஎஸ் 600 விஏ என்றால் பிரிண்டரையும் ஸ்பீக்கரையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

டிவி விஷயத்தில் ஒரு குறை உண்டு, மறைக்கக் கூடாது. டிவி இணைப்பின் புதிய தரமான எச்டிஎம்ஐ 2.1ஐத் திறந்த மூல டிரைவரில் சேர்க்க ஏஎம்டி கேட்டதை, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024 பிப்ரவரியில் மறுத்துவிட்டது. அதனால் டிவியில் 4கே 60 ஹெர்ட்ஸ் சிக்கலின்றி வரும், 120 முழு வண்ணத் தரத்தோடு வராது. உங்கள் டிவிக்கு 60 போதும் என்பதால் நான் கவலைப்படவில்லை. டிஸ்ப்ளேபோர்ட்டில் இருக்கும் அவன் மானிட்டரை இது தொடவே தொடாது.

*அக்கா, பிற்பகல் 1.05*
தம்பி, எந்த கார்டு வாங்கினாலும் வேலரண்ட் விளையாட்டு லினக்ஸில் வராது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் 2024இலேயே லினக்ஸுக்குக் கதவை அடைத்துவிட்டது. பிறகு வருத்தப்படாதே.

*நான், பிற்பகல் 1.10*
தெரியும் அக்கா, அவை இரண்டும் எனக்கு வேண்டாம். மாமா, என் கெர்னல் 6.8 என்றேனே, அது போதுமா?

*மாமா, பிற்பகல் 1.30*
போதாது. இந்தத் தலைமுறை கார்டுகளுக்கு 6.12 அல்லது அதற்கு மேற்பட்ட கெர்னலும் மெசா 25உம் வேண்டும். அப்டேட் மேனேஜரில் கெர்னல் பட்டியலைத் திறந்து 6.14ஐ நிறுவு, மின்ட்டின் மற்ற அப்டேட்டுகளையும் முழுதாக முடி. இவற்றைப் பழைய கார்டு இருக்கும்போதே செய்து, 6.14இல் ஒரு முறை துவக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் என்விடியா டிரைவரை நீக்கு. பிறகுதான் கணினியை அணைத்து கார்டைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார நேரிடும்.

நான் மாலையில் சென்னையின் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போகிறேன். பழைய கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாரும் ஆசை காட்டினால் கேட்காதே. முன்பு ஒரு கடையில் பில் இல்லாமல் நான் வாங்கிய ஒன்று மூன்று மாதத்தில் போய்விட்டது, கேட்க நாதியில்லை. அந்தத் தவறை நீ செய்ய வேண்டாம்.

*மாமா, மாலை 6.20*
இரண்டு விசிறி உள்ள 16 ஜிபி கார்டு அத்தான் சொன்ன தொகைக்குள் கிடைக்கிறது. ஜிஎஸ்டி பில்லும் வாரன்ட்டியும் உண்டு. நீளம் 24 சென்டிமீட்டர். கேபினெட்டை அளந்து சொல்.

*நான், மாலை 6.34*
முன்பக்க விசிறிவரை 31 சென்டிமீட்டர் இருக்கிறது மாமா. 8 முனை இணைப்பும் இருக்கிறது. கெர்னல் 6.14.0, மெசா 25.0 என்று காட்டுகிறது.

*அப்பா, மாலை 6.36*
வாங்கிவிடுங்கள் மாப்பிள்ளை. பணத்தை இப்போதே அனுப்புகிறேன், பில்லை அவன் பெயரிலேயே போடச் சொல்லுங்கள்.