எரியாத கரி மேல் இறைச்சி வைக்கலாமா, கூடாதா?

செல்வம்_ஹூஸ்டன்:
நேற்று தந்தூரி இழையில் பரமக்குடியான் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். "கரி முழுக்க நீறு பூத்த பிறகுதான் இறைச்சி வைக்க வேண்டும். எரியாத கரியைக் கொட்டி மேலே நாலு கங்கைப் போடும் மினியன் முறை சோம்பேறிகளுக்கு. கறியில் தார் வாடைதான் மிஞ்சும்." அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. பொறுக்க முடியாமல்தான் தனி இழை தொடங்குகிறேன்.

ப்ரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி) வேக 12 மணி நேரம் ஆகும், சில சமயம் அதற்கு மேலும். அடுப்புக்குள் சூடு 225 முதல் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்க வேண்டும். ஒரு சிம்னி (கரி பற்றவைக்கும் தகரக் குழாய்) நிறையக் கரியை முழுக்கப் பற்றவைத்துக் கொட்டினால் முதலில் சூடு எகிறும், அப்புறம் பாதி வழியில் படுத்துவிடும். 1990களின் கடைசியில் ஜிம் மினியன் என்ற அமெரிக்கர் இதற்குத்தான் வழி கண்டார். வெபர் புல்லட் என்ற உயரமான புகையடுப்பின் கரி வளையம் நிறைய எரியாத பிரிக்கெட் (அச்சில் அழுத்திய கரிக்கட்டி), அதன் மேல் கொஞ்சம் கங்கு. நெருப்பு மெல்ல மெல்லக் கீழே பரவும். ராத்திரி மூட்டிவிட்டுத் தூங்கலாம், காலையிலும் சூடு நிற்கும். பார்பெக்யூ போட்டிகளில் கலந்துகொள்பவர்கள் இப்படித்தான் சமைக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் சோம்பேறிகளா?

பரமக்குடியான்:
செல்வம் சார், நீளமாக எழுதிவிட்டீர்கள். நான் கேட்டது ஒரே கேள்வி. எரியாத கரி பற்றும்போது வரும் முதல் புகை எங்கே போகிறது?

சிம்னியில் பிரிக்கெட்டைப் பற்றவைத்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் வெள்ளையும் மஞ்சளுமாக, கண்ணைக் கரிக்கும் புகை குமுறிக்கொண்டு வரும். அந்தப் புகையைத் தவணை முறையில் 12 மணி நேரம் கறிக்கு ஊட்டுகிறீர்கள். அதுதான் உங்கள் மினியன் முறை.

நான் கரிமூட்டம் போடுகிற ஊரில் வளர்ந்தவன். சீமைக்கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண் மூடி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். முதலில் வெள்ளைப் புகை திரளாக வரும். போகப் போக அது மெலிந்து நீலமாகும். நீலம் வந்ததும் துளைகளை மண் வைத்து அடைப்பார்கள். புகையின் நிறம் பார்க்க எனக்கு யாரும் யூடியூபில் சொல்லித்தர வேண்டாம்.

செல்வம்_ஹூஸ்டன்:
உங்கள் ஊர் மூட்டமே எனக்குச் சாட்சி. மரத்திலிருந்து வரவேண்டிய புகையெல்லாம் மூட்டத்திலேயே வந்து முடிந்த பிறகு மிஞ்சுவதுதானே கரி? அப்புறம் எந்தப் புகை மிச்சமிருக்கிறது?

சிம்னி விஷயத்துக்கு வருகிறேன். சிம்னியில் நெருப்பு அடியில் இருக்கிறது, குளிர்ந்த கரி மேலே இருக்கிறது. அடிக்கரியிலிருந்து கிளம்பும் ஆவி எரிய இடமில்லாமல் அப்படியே வெளியேறுகிறது. மினியன் முறையில் இது தலைகீழ். கங்கு மேலே, எரியாத கரி கீழே, காற்றும் கீழிருந்து வருகிறது. கீழ்க்கரி சூடேறி விடும் ஆவி கங்கைக் கடந்துதான் மேலே போயாக வேண்டும். கடக்கும்போதே எரிந்துவிடும். மேலிருந்து பற்றவைக்கிறோமே, அதற்குக் காரணமே இதுதான். இதைப் படிக்காமல் தார் வாடை என்று எழுதுவது நியாயமில்லை.

மீனா_சியாட்டில்:
நான் வெபர் கெட்டில் என்ற மூடிபோட்ட உருண்டை அடுப்பில் பாம்பு முறையில் செய்கிறேன். பிரிக்கெட்டை அடுப்பின் ஓரமாக இரண்டு வரிசை, அதன் மேல் இரண்டு வரிசை என்று அரைவட்டமாக அடுக்கி, ஒரு முனையில் மட்டும் கங்கு வைப்பேன். நெருப்பு பக்கவாட்டில் நகரும். செல்வம் சொல்வதுபோல் எந்த ஆவியும் கங்கைக் கடந்து போவதில்லை. ஆனாலும் என் பன்றித் தோள் கறியில் வாடை இல்லை. அப்படியென்றால் மேலிருந்து பற்றவைப்பதில் என்ன விசேஷம்?

செல்வம்_ஹூஸ்டன்:
மீனா, பாம்பு முறை வேறு, அதை இங்கே கலக்க வேண்டாம். இங்கே பேச்சு மினியன் பற்றி. மேலிருந்து பற்றவைத்தால் ஆவி எரிந்துவிடும். அவ்வளவுதான்.

மீனா_சியாட்டில்:
எரியாத கரி பற்றித்தானே தலைப்பு? தலைப்பை வைத்ததும் நீங்கள்தான்.

புதுசு_ரவி:
வணக்கம், நான் இதற்குப் புதியவன். கெட்ட புகை என்று எதைச் சொல்கிறீர்கள்? நிறத்தை வைத்தா, வாசனையை வைத்தா, கறியின் ருசியை வைத்தா? அதை முதலில் சொன்னால் எனக்குப் புரியும்.

பரமக்குடியான்:
மரக்கரியில் புகை கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். நான் எப்போது இல்லை என்றேன்? ஆனால் சார் கொட்டுவது பிரிக்கெட். கரித்தூளை மாவுச்சத்து சேர்த்துப் பிசைந்து அச்சில் அழுத்தியது. சாம்பல் வெள்ளையாகத் தெரிவதற்குச் சுண்ணாம்புக்கல் வேறு சேர்க்கிறார்கள். 1920களில் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் மிஞ்சிய மரத்துண்டை வீணாக்காமல் விற்கக் கிளம்பிய சரக்குதான் கிங்ஸ்ஃபோர்டு என்ற பெயரில் வரும் இந்தப் பிரிக்கெட். இதை நான் கரி என்றே சொல்ல மாட்டேன்.

தென் கரோலினாவில் முழுப் பன்றி சுடுபவர்களைப் பாருங்கள். தனிப் பீப்பாயில் விறகை எரித்து, கங்காக உதிர்ந்ததை மட்டும் மண்வெட்டியில் அள்ளி, பன்றிக்கு அடியில் பரப்புகிறார்கள். ராத்திரி முழுக்க அள்ளுகிறார்கள். பற்றாத ஒரு துண்டுகூட உள்ளே போகாது. அதுதான் முறை.

செல்வம்_ஹூஸ்டன்:
கரோலினாக்காரர்கள் நேராக விறகிலிருந்து தொடங்குகிறார்கள். விறகின் முதல் புகை வேண்டாம் என்றுதான் தனியாக எரிக்கிறார்கள். நான் தொடங்குவது கரியிலிருந்து. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது வாதம் இல்லை, அடம். சென்ற தீபாவளிக்கு வினிகர் இழையிலும் இதே அடம்தான்.

பரமக்குடியான்:
வினிகரை ஏன் இழுக்கிறீர்கள்? அன்று நிர்வாகி இழையைப் பூட்டியதால் தப்பித்தீர்கள். முதல் புகை எங்கே போகிறது? இன்னும் பதில் வரவில்லை.

செல்வம்_ஹூஸ்டன்:
மூன்று முறை சொல்லிவிட்டேன். கங்கில் எரிகிறது.

குமார்_டொராண்டோ:
எதற்கு இவ்வளவு சண்டை? பற்றவைக்கும் திரவத்தை ஊற்றித் தீக்குச்சி கிழித்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. இல்லையென்றால் எண்ணெயில் ஊறிய பிரிக்கெட் மூட்டையாகவே விற்கிறார்கள்.

செல்வம்_ஹூஸ்டன்:
குமார், தயவுசெய்து அந்த மூட்டையை மினியன் முறைக்குத் தொடாதீர்கள். ஒவ்வொரு துண்டிலும் பெட்ரோலியத் திரவம் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பற்றும்போதெல்லாம் கறியில் அந்த வாடை ஏறும். மெழுகுக்கட்டி வைத்து சிம்னியில் கங்கு எடுங்கள், போதும்.

பரமக்குடியான்:
பார்த்தீர்களா? எண்ணெய்ப் பிரிக்கெட்டின் முதல் புகை மட்டும் கங்கில் எரியாதாம், கறிக்குப் போகுமாம். உங்கள் பிரிக்கெட்டின் புகை மட்டும் கங்கைக் கண்டால் காணாமல் போய்விடுமாம்.

செல்வம்_ஹூஸ்டன்:
பெட்ரோலியமும் மாவுச்சத்தும் ஒன்றா? திரவம் ஊறிய துண்டு விடும் ஆவியின் அளவு என்ன, காய்ந்த பிரிக்கெட் விடும் ஆவியின் அளவு என்ன? கொஞ்சமாவது யோசித்து எழுதுங்கள்.

ஜோசப்_கோவை:
நடுவில் ஒரு விஷயம். சீமைக்கருவேலமும் டெக்சாஸ் மெஸ்கீட்டும் சொந்தக்கார மரங்கள். செல்வம் அண்ணன் அங்கே காசு கொடுத்து வாங்கும் மெஸ்கீட் கரி, ராமநாதபுரத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

செல்வம்_ஹூஸ்டன்:
நான் மெஸ்கீட் கரி வாங்குவதில்லை. பற்றும்போது வெடித்துப் பொறி பறக்கும், சூடும் கட்டுக்கு அடங்காது. மத்திய டெக்சாஸில் ப்ரிஸ்கெட்டுக்கு போஸ்ட் ஓக் விறகைத்தான் பெரிதாக நினைப்பார்கள். நானும் கரிக்கு நடுவே அந்தக் கட்டையில் நாலைந்து துண்டுதான் வைப்பேன். அதோடு, நிலத்தடி நீரை உறிஞ்சி ஊரைக் காயவைத்த மரத்துக்கு இங்கே வந்து பெருமை பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

பரமக்குடியான்:
வார்த்தையை அளந்து பேசுங்கள் சார். மழை பொய்த்த வருடங்களில் எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது அந்த மரத்தால். மூட்டத்துச் சூட்டில் நின்று கையும் முகமும் கறுத்த ஆட்கள் போட்ட கரி அது. உங்கள் பிரிக்கெட்டுக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

மீனா_சியாட்டில்:
மரம் நல்லதா கெட்டதா என்பதற்கு வேறு இழை திறங்கள். என் பாம்பு முறைக்கு இன்னும் பதில் வரவில்லை.

செல்வம்_ஹூஸ்டன்:
பாம்பு முறையில் ஒரு நேரத்தில் பற்றுவது மூன்று நான்கு துண்டுதான், அதனால் புகை தெரிவதில்லை. மினியனில் பற்றும் பரப்பு பெரிது, ஆனால் மேலே கங்கு இருக்கிறது. இரண்டிலும் வாடை வராது. வாடை வருகிறவர்கள் மேல்மூடியின் காற்றுத்துளையை அடைத்து வைத்திருப்பார்கள். மேல்துளை முழுக்கத் திறந்திருக்க வேண்டும், சூட்டை அடித்துளையில்தான் கட்டுப்படுத்த வேண்டும். பரமக்குடியான் மூட்டம் போடுகிற பழக்கத்தில் மேல்துளையையும் மண் வைத்து அடைத்திருப்பார்.

பரமக்குடியான்:
என் அடுப்பின் துளை எப்போதும் திறந்துதான் இருக்கிறது. வாயைத்தான் சிலர் அடைக்க வேண்டும். முதல் புகை கறிக்குத்தான் போகிறது. நீறு பூக்காத கரி மேல் நான் இறைச்சி வைக்க மாட்டேன்.

புதுசு_ரவி:
சனிக்கிழமை ஆட்டுத்தொடை வைக்கப் போகிறேன். எல்லாக் கரியையும் பற்றவைக்கவா, கொஞ்சம் மட்டுமா?

செல்வம்_ஹூஸ்டன்:
கொஞ்சம் மட்டும். மேலே.

பரமக்குடியான்:
முழுக்கப் பற்றவையுங்கள் தம்பி. சூடு குறைந்தால் சிம்னியில் தனியாகக் கங்கெடுத்துச் சேருங்கள். இவர் பேச்சைக் கேட்டால் ஆடு வீண்.