சார்லட்டுக்குப் புதுசா வந்தவங்க இந்த ஊர்ப் பாட்டை எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

டிசம்பர் சீசனுக்குச் சென்னையில் இல்லாதது மனசை அறுக்குது, சனி ஞாயிறு வெறிச்சோடிப் போகுதுன்னு நேத்து ஒரு தம்பி இங்க எழுதியிருந்தார். தம்பி, நீங்க வந்து இறங்கியிருக்கிற வட கரோலினா பாட்டு விளையுற மண். எனக்கு அது தெரியவே ரெண்டு வருஷம் ஆச்சு. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

பாட்டு கேட்கிற ஆப்ல 'அமெரிக்கானா'ன்னு தேடினா நாட்டுப்புறம், ப்ளூஸ், சர்ச்சுப் பாட்டான காஸ்பல், கன்ட்ரி, தந்தி வாத்தியங்களை வேகமா வாசிக்கிற ப்ளூகிராஸ் எல்லாம் கலந்து கொட்டும். கிராமியிலேயே 2010-லிருந்து அதுக்குத் தனி விருது இருக்கு. ஆனா அந்தப் பட்டியலை ஓடவிட்டுக் கேட்டா ஒண்ணும் மனசுல நிக்காது. ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்து, அதுல வாசிச்சவங்க யாரு, எந்த ஊருன்னு பார்த்துக்கிட்டே கேளுங்க.

நான் சொல்ற ஆல்பம் 1972-ல் வந்த 'வில் தி சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்'. நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட்னு ஒரு இளைஞர் குழு, கன்ட்ரி பாட்டுக்குப் பேர் போன நாஷ்வில்லுக்குப் போய், மேபெல் கார்ட்டர், ஏர்ல் ஸ்க்ரக்ஸ், டாக் வாட்சன், மெர்ல் டிராவிஸ் மாதிரி பெரியவங்களோட உட்கார்ந்து வாசிச்சது. பாட்டுக்கு நடுவுல அவங்க பேசிக்கிறதையும் வெட்டாம விட்டிருக்காங்க. டாக் வாட்சனும் மெர்ல் டிராவிஸும் முதல் தடவையா நேர்ல சந்திக்கிற பேச்சு அதுல அப்படியே இருக்கு. டாக் தன் மகனுக்கு மெர்ல்னு பேர் வெச்சதே டிராவிஸ் மேல இருந்த பிரியத்துலதான். அந்தப் பேச்சைக் கேட்டப்ப எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

டாக் வாட்சன் நம்ம மாநிலத்துக்காரர், டீப் கேப் ஊர். கைக்குழந்தையா இருக்கும்போதே பார்வை போயிருச்சு. ஃபிடில்ல, அதாவது இந்த ஊர் வயலின்ல, வேகமா வாசிக்கிற மெட்டுகளைக் கிதார்ல அட்சரம் பிசகாம எடுத்தவர். மகன் மெர்ல் அவரோட இருபது வருஷம் பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சார். 1985-ல் டிராக்டர் விபத்துல இறந்துட்டார். அந்த மகன் நினைவா 1988-ல் தொடங்கின பாட்டு விழாதான் மெர்ல்ஃபெஸ்ட். வில்க்ஸ்பரோவுல, வில்க்ஸ் கம்யூனிட்டி காலேஜ் வளாகத்துலயே நடக்குது. சார்லட்லேருந்து காரில் ஒன்றரை மணி நேரம். ஏப்ரல் கடைசியில், வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு நாள்.

நாலு நாளும் வேணாம், முதல் தடவை சனிக்கிழமை மட்டும் போங்க. காலையிலேயே போயிருங்க. பெரிய மேடையில ராத்திரி பாடுறவங்களை எப்ப வேணா யூடியூப்ல பார்க்கலாம். பகல்ல சின்ன மேடைகள்தான் உயிர். நாலு பேர், சில சமயம் ஒரே மைக். பேஞ்சோக்காரர் (வட்டமான தோல் முகம் வெச்ச தந்தி வாத்தியம் அது) முன்னால வந்து ஒரு சுற்று வாசிச்சுட்டு விலகுவார், மாண்டலின் வரும், அப்புறம் ஃபிடில். தனி ஆவர்த்தனத்துல மிருதங்கமும் கடமும் மாத்தி மாத்தி எடுக்கிறதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும். மாண்டலின் நமக்கு ஸ்ரீநிவாஸ் கையில பழகின வாத்தியம். ஃபிடிலும் வயலினும் ஒண்ணுதான், பிடிக்கிறதும் வில் போடுறதும் வேற.

வாசிக்கத் தெரிஞ்சவங்க வாத்தியத்தைக் கொண்டு போகலாம். அங்க ஒரு கூடாரத்துல முன்பின் தெரியாதவங்க வட்டமா நின்னு சேர்ந்து வாசிப்பாங்க. முதல்ல வெளிய நின்னு கேளுங்க, எந்த ஸ்கேல்னு கேட்டுட்டு மெதுவா உள்ள சேருங்க. என் மனைவி வயலின் எடுத்துக்கிட்டுப் போனப்ப ஒரு பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். இந்த நாட்டுக்கு வந்து நாங்க விருந்தாளி இல்லைன்னு உணர்ந்த முதல் நாள் அது.

இந்தப் பாட்டை வெள்ளைக்காரங்க பாட்டுன்னு நினைச்சு ஒதுங்கிராதீங்க. பேஞ்சோவோட மூதாதை வாத்தியங்கள் மேற்கு ஆப்பிரிக்காவுல இருக்கு. அடிமையா பிடிச்சுக் கொண்டுவரப்பட்ட மக்களோட வந்த வாத்தியம் அது. நம்ம மாநிலத்துக் கிரீன்ஸ்பரோவில் பிறந்த பாடகி ரியானன் கிடன்ஸும் அவங்க கூட்டாளிகளும் மெபேன் ஊர்ல இருந்த ஜோ தாம்ஸன்கிற முதிய கறுப்பின ஃபிடில் கலைஞர் வீட்டுக்குப் போய், பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கிட்டாங்க. குருகுலம்தான். கரோலினா சாக்லேட் டிராப்ஸ்ங்கிற அவங்க குழுவோட 2010 ஆல்பத்துக்குக் கிராமி கிடைச்சது. நான் சொன்ன முதல் ஆல்பத்துக்கு அடுத்து அதைக் கேளுங்க.

செலவைப் பத்திக் கவலைப்படுறவங்களுக்கு: பல கவுண்டி நூலக அட்டைகளுக்கு ஹூப்லா ஆப்ல ஆல்பம் இலவசம். காரில் 88.7 எஃப்எம், டபிள்யூஎன்சிடபிள்யூ, ஸ்பின்டேல் ஊர் காலேஜ் நடத்துற வானொலி. நெட்லயும் வரும். ஒரு நாள் ஷெல்பி ஊருக்குப் போனா பழைய கோர்ட் கட்டடத்துலயே, அந்த முதல் ஆல்பத்துல பேஞ்சோ வாசிச்ச ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பேர்ல ஒரு மையம் இருக்கு. செப்டம்பர்ல பிரிஸ்டல் ஊர்ல பாட்டு விழா. அந்த ஊர் ஸ்டேட் ஸ்ட்ரீட்ல ஒரு பக்கம் டென்னஸி, எதிர்ப்பக்கம் வர்ஜீனியா. 1927-ல் மேபெல் கார்ட்டர் இருந்த கார்ட்டர் குடும்பம் முதன்முதலா ரெக்கார்ட் பண்ணினது அங்கதான். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருக்கிறவங்க அக்டோபர் தொடக்கத்துல கோல்டன் கேட் பார்க்ல ஹார்ட்லி ஸ்ட்ரிக்ட்லி ப்ளூகிராஸ் விழாவுக்குப் போங்க, டிக்கெட்டே கிடையாது.

பின்சேர்க்கை: கைக்குழந்தையோட போகலாமான்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க. தாராளமா போகலாம்க்கா, மெர்ல்ஃபெஸ்ட்ல குழந்தைகளுக்குன்னே ஒரு பகுதி உண்டு. மலையடிவாரம், பகல்ல வெயில் அடிச்சாலும் பொழுது சாய்ஞ்சதும் குளிரும். ஸ்வெட்டர், மழைக்கோட்டு, மடக்கு நாற்காலி, பிள்ளைக்குக் காதை மூடுற ஹெட்ஃபோன் எடுத்துக்குங்க. தயிர்சாதம் உள்ள கொண்டு போகலாமான்னு அந்த வருஷ விதியைப் பார்த்துட்டுக் கட்டுங்க.