மார்க் ஷீட்டில் 7.37, நான் போட்டால் 7.09. அவசர உதவி

சீவலப்பேரி_ரோடு:
எல்லாருக்கும் வணக்கம். இரண்டாம் செமஸ்டர் மார்க் ஷீட்டில் ஜிபிஏ (பத்துக்கு எத்தனை என்ற சராசரிப் புள்ளி) 7.37 என்று போட்டிருக்கிறது. நான் எல்லா மார்க்கையும் கூட்டி வகுத்தால் 7.09தான் வருகிறது. மற்ற செமஸ்டரும் இப்படித்தான், ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. எம்.எஸ்சி விண்ணப்பத்தில் சதவீதம் கேட்கிறார்கள், நாளை சாயங்காலத்தோடு முடிகிறது. வண்ணார்பேட்டையில் பிரவுசிங் சென்டர் அண்ணன் 9.5ஆல் பெருக்கிப் போடு என்கிறார். போடலாமா? தப்பாகப் போட்டால் சீட்டு ரத்தாகிவிடுமா?

களக்காடு_வாழை:
என்ன டிகிரி? எந்த வருஷம் சேர்ந்தது? தன்னாட்சிக் கல்லூரியா, இல்லை பல்கலைக்கழகமே தேர்வு நடத்துகிறதா? இது எதுவும் தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

தென்காசி_சாரல்:
அரியர் வைத்திருப்பீர்கள். அதில் கழித்திருப்பார்கள். என் அக்கா மகனுக்கும் இப்படித்தான் ஆச்சு.

அம்பை_மெக்கானிக்கல்:
அரியருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது சார்பு மதிப்பீடு. வகுப்பில் மற்றவர்கள் எடுத்ததை வைத்து உங்கள் கிரேடு ஏறும், இறங்கும். மார்க்கைக் கூட்டினால் ஒருநாளும் ஒத்துவராது. விட்டுவிட்டு ஷீட்டில் இருப்பதையே போடுங்கள்.

பொதிகைவாசி:
மார்க் ஷீட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா? கிரேடு அட்டவணையும் ஜிபிஏ சூத்திரமும் பெரும்பாலும் அங்கேதான் அச்சடித்திருக்கும். மூன்று வருஷம் படித்துவிட்டு அதைப் படிக்காமல் இங்கே வந்து கேட்பது எனக்குப் புரியவில்லை. இந்தக் கேள்வி வருஷா வருஷம் ஜூன் மாதம் வருகிறது. நானும் வருஷா வருஷம் இதையேதான் சொல்கிறேன்.

பாளை_கணக்கு_டீச்சர்:
தம்பி, அந்தச் செமஸ்டர் மார்க்கை அப்படியே இங்கே எழுதுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை கிரெடிட் (பாடத்தின் எடை), எந்தப் பகுதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்துக்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதும் வேண்டும்.

சீவலப்பேரி_ரோடு:
நான் பொண்ணு டீச்சர். பி.எஸ்சி இயற்பியல், அரியர் கிடையாது. தமிழ் 81 (பகுதி 1, 3 கிரெடிட்). இங்கிலீஷ் 52 (பகுதி 2, 3). மேஜர் 78, மேஜர் 74 (பகுதி 3, தலா 5). அலைடு, அதாவது துணைப் பாடம், 66 (பகுதி 3, 3). ஸ்கில் பேப்பர் 70, இன்னொன்று 75 (பகுதி 4, தலா 2). பின்பக்கம் ஜெராக்ஸில் விழவில்லை, ஒரிஜினல் ஊரில் இருக்கிறது.

களக்காடு_வாழை:
ஜெராக்ஸை வைத்துக்கொண்டா விண்ணப்பம் போடுகிறீர்கள்? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

பாளை_கணக்கு_டீச்சர்:
சரிம்மா, இப்போது தெளிவாகிவிட்டது. உங்கள் ஷீட்டில் தவறு இல்லை. நீங்கள் ஏழு பாடத்தையும் கூட்டி ஏழால் வகுத்திருக்கிறீர்கள். 496ஐ 7ஆல் வகுத்தால் 70.86, அதைப் பத்தால் வகுத்ததுதான் உங்கள் 7.09. ஜிபிஏ அப்படிப் போடுவதில்லை. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் (மார்க்கைப் பத்தால் வகுத்தது) அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 5 கிரெடிட் மேஜரும் 2 கிரெடிட் ஸ்கில் பேப்பரும் ஒரே எடை கிடையாது.

அப்படிப் போட்டாலும் 164.7ஐ 23ஆல் வகுத்து 7.16தான் வரும், 7.37 வராது. ஏனென்றால் நம்மூர்க் கலைக் கல்லூரிகள் பலவற்றில் ஜிபிஏ பகுதி பகுதியாகப் போடுவார்கள். உங்கள் ஷீட்டில் நீங்கள் பார்த்தது பகுதி 3 எண். மேஜர் இரண்டும் அலைடும் மட்டும் எடுங்கள்: 7.8ஐ 5ஆல் பெருக்கினால் 39, 7.4ஐ 5ஆல் பெருக்கினால் 37, 6.6ஐ 3ஆல் பெருக்கினால் 19.8. ஆக 95.8. அதை 13ஆல் வகுத்தால் 7.37. தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் தனித்தனி வரி அதே ஷீட்டில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

அம்பை தம்பி சொன்ன சார்பு முறை இதில் இல்லை. இங்கே 78 மார்க் என்றால் 7.8 புள்ளி, அவ்வளவுதான். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை என்ன எடுத்தாலும் அது மாறாது.

அம்பை_மெக்கானிக்கல்:
எங்களுக்கு அப்படி இல்லை டீச்சர். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் ஒரு பாடத்தில் தேறியவர்கள் 30 பேருக்கு மேல் இருந்தால் சார்பு முறைதான். அதுதான் நியாயமும்கூட. கேள்வித்தாள் கடினமாக வந்தால் எல்லாருக்கும் மார்க் குறையும், அதற்கு ஒரு பிள்ளை என்ன செய்யும்? மற்றவர்களோடு ஒப்பிட்டால் அந்த அடி குறையும்.

பொதிகைவாசி:
பொறியியல் வேறு, கலைக் கல்லூரி வேறு. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2015இல் பத்துப் புள்ளி அளவுகோல் கொடுத்தது: ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, அப்படியே கீழே பாஸ் (P) என்றால் 4. நம்மூர்க் கலைக் கல்லூரிகள் பலவற்றில் ஏ என்றால் 60 முதல் 69 வரை. ஒரே எழுத்து, இரண்டு புள்ளி வரை வித்தியாசம். இது தெரியாமல் ஆளுக்கொரு கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பெண் குழம்பத்தான் செய்யும்.

களக்காடு_வாழை:
அண்ணாச்சி, அதட்டாமல் சொல்லலாமே. அம்பை சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. வகுப்பில் எல்லாரும் நன்றாகப் படித்துவிட்டால்? நல்ல மார்க் எடுத்தவனுக்கும் கீழ் கிரேடு போகும். வீட்டில் முதல் பட்டதாரியாகப் பஸ் ஏறி வரும் பிள்ளை, கூடப் படிக்கிறவன் தோற்க வேண்டும் என்று நினைக்கும்படி ஒரு முறை இருக்கக் கூடாது.

அம்பை_மெக்கானிக்கல்:
நிலையான அளவிலும் குறை உண்டு. எழுத்து கிரேடில் 81 எடுத்தவனுக்கும் 90 எடுத்தவனுக்கும் ஒரே 9 புள்ளி. 91க்கு 10. ஒரு மார்க்கில் ஒரு முழுப் புள்ளி போகிறது, அது மட்டும் நியாயமா?

பாளை_கணக்கு_டீச்சர்:
அதனால்தான் 81க்கு 8.1 என்று கொடுக்கும் முறை எனக்குப் பிடிக்கும். பிள்ளை உழைத்த ஒவ்வொரு மார்க்கும் அதில் நிற்கும். இந்த வாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், அந்தப் பெண்ணுக்கு நாளை கடைசி நாள்.

9.5ஆல் பெருக்க வேண்டாம் அம்மா. அது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் சிசிஇ என்ற தொடர் மதிப்பீட்டு முறை இருந்தபோது வந்த கணக்கு. 91 முதல் 100 வரை வாங்கியவர்களுக்கு 10 புள்ளி, அவர்களின் சராசரி 95ஐ ஒட்டி இருந்தது, அதை 10ஆல் வகுத்து 9.5 எடுத்தார்கள். உங்கள் டிகிரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 7.37ஐ அப்படிப் பெருக்கினால் 70.0 வரும், உங்களுக்கே நஷ்டம். தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ சொல்லும் வழியில் 0.75 கழித்துப் பத்தால் பெருக்கினால் 66.2. உங்கள் கல்லூரிப் புள்ளியைப் பத்தால் பெருக்கினால் 73.7. எந்த முறைக்கு எந்தச் சூத்திரமோ அதைத்தான் போட வேண்டும். விண்ணப்பக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேனே?

சீவலப்பேரி_ரோடு:
‘மேஜர் + அலைடு: பெற்ற மதிப்பெண் / மொத்த மதிப்பெண் / சதவீதம்’.

பாளை_கணக்கு_டீச்சர்:
அப்படியானால் ஜிபிஏவே வேண்டாம். ஆறு செமஸ்டரிலும் பகுதி 3 மார்க்கை மட்டும் கூட்டுங்கள், பிராக்டிகல் உள்பட. இந்தச் செமஸ்டருக்கு 300க்கு 218, அதாவது 72.67. கிரெடிட் எடை இதில் வராது, அதனால் 73.7 வரவில்லையே என்று பயப்பட வேண்டாம். தமிழ், இங்கிலீஷ், ஸ்கில் எதையும் சேர்க்காதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் உங்கள் ஷீட்டில் உள்ள எண்ணைத்தான் கூட்டிப் பார்ப்பார்கள். ஒரிஜினலை வீட்டில் யாரையாவது இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தென்காசி_சாரல்:
அப்போ அரியர் இருந்தால் சிஜிபிஏ (எல்லாச் செமஸ்டருக்கும் சேர்த்த ஜிபிஏ) குறையாதா?

பொதிகைவாசி:
குறையாது. பிறகு எழுதித் தேறிய மார்க்தான் கணக்கில் வரும். ஆனால் முதல் தடவையிலேயே தேறவில்லை என்றால் 7.5க்கு மேல் இருந்தாலும் டிஸ்டிங்ஷன் கிடையாது, முதல் வகுப்பு மட்டும்தான். இதுவும் பின்பக்கத்தில் இருக்கும்.

அம்பை_மெக்கானிக்கல்:
அதுவும் நியாயமில்லை. முதல் செமஸ்டரில் காய்ச்சலில் படுத்தவனுக்கு மூன்று வருஷ உழைப்பும் போச்சா? இதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

சீவலப்பேரி_ரோடு:
அப்பா போட்டோ அனுப்பினார். பகுதி 3 மட்டும் கூட்டிப் போட்டு விண்ணப்பம் அனுப்பியாச்சு. ரொம்ப நன்றி டீச்சர்.